பீங்கான் குழாய்க்கு வைத்த சந்தனம்

சென்னிமலை
19.10.1997

அம்மணி சாந்தாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க முருகன் துணை. இது என் கையாலேயே எழுதுவது. எழுதப் படிக்க அறிவொளி வகுப்புக்குப் போக ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை தொடங்கினேன், இன்று ஞாயிறு. கடுதாசி எழுதறீங்களா, கெணறு வெட்டறீங்களா என்று உன் அம்மா கேட்கிறாள்.

நான் காவலுக்கு இருக்கும் சாயப்பட்டறையில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய மெட்ராஸிலிருந்து புது மெஷின் கொண்டுவந்து சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் வெள்ளைப் பீங்கான் குழாய்கள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் பத்தொன்பது துளை. சாயத் தண்ணீர் துளைக்குள் ஓடும், நல்ல தண்ணீர் மட்டும் குழாயின் மேலே வேர்வை போலக் கசிந்து வரும், கசடு உள்ளேயே நின்றுவிடும். உப்பு மட்டும் போகாது, அதனால் வயலுக்கு ஆகாது, நூல் அலசத்தான் ஆகும். மெஷினை ஓட்டுவது யாகூப் என்ற பையன், அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரைத் திருப்பி விட்டுக் குழாயைக் கழுவுவதும் அவன் வேலை. அழுத்தம் காட்டும் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவது இப்போது என் வேலை.

ஆயுத பூஜைக்குக் குழாய்களைக் கழற்றிக் கழுவி வைத்திருந்தார்கள். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார் முதலாளி. இருப்பதிலேயே விலை கூடியது அந்தக் குழாய்தானே என்று மூன்றுக்கும் முனையில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன். பூஜை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் மாட்டி ஓட்டினால் முள் மேலே போகிறது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. முதலாளி மெட்ராஸுக்குப் போன் செய்தார். திருப்பிக் கழுவாமல் விட்டிருப்பார்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். யாகூப் கழுவினேனுங்க, கழுவினேனுங்க என்று சொல்லியும் கேட்காமல், திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவன் பெண்டாட்டி ஜன்னத்துக்கு இது எட்டாவது மாதம்.

சாயங்காலம் அந்தத் துணியை அலசினேன். நான் வைத்த சந்தனத்தில் கால்வாசிகூடத் துணியில் இல்லை. மிச்சம் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. வாயால் சொன்னால் நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடலாம், எழுதினால் அப்படியே நிற்கும், இந்த வயதில் என் வேலையும் போகும் என்று தயங்கினேன். பிறகு நோட்டில் எழுதினேன். குழாய்க்குச் சந்தனம் வைத்தது அங்கப்பன், யாகூப் மேல் தப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கூப்பிட்டார். ஏனுங்க அங்கப்பண்ணா, மெஷினுக்கும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிபோட்டீங்களாக்கும் என்றார். சிரித்தாரா, கோபித்தாரா, தெரியவில்லை. உடனே ஆள் விட்டு யாகூப்பை அழைத்துவரச் சொன்னார். புதன்கிழமை மெட்ராஸ் இன்ஜினியர் வந்து திறந்தால் துளையெல்லாம் சந்தனம். சூடான காரத்தண்ணீரும் பிறகு அமிலமும் விட்டு அரை நாள் கழுவினார். பிளாஸ்டிக்காக இருந்தால் தூக்கி எறிந்திருக்கணும், பீங்கான் என்பதால் பிழைத்தது என்றார். யாகூப் என்னிடம், பெரியவரே, அடுத்த பூஜைக்குச் சந்தனத்தை எனக்கே பூசிபோடுங்க, எனக்கு ஓட்டை கம்மி என்றான்.

குழாய்க்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று மெஷின் இருக்கும் செட்டுச் சுவரில் பெரிதாக நானே எழுத வேண்டும் என்று முதலாளி தண்டனை கொடுத்தார். நேற்று எழுதினேன். யாகூப் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டான். ரோட்டிலிருந்தே படிக்கலாம்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். பதில் போடும்போது எழுத்தைப் பெரிதாக எழுது. இனி உன் கடிதத்தை நானே படித்துக்கொள்வேன், அதனால் வேறு யாராவது படித்துக் காட்டுவார்களே என்று இத்தனை வருஷம் எழுதாமல் விட்டதையும் எழுது அம்மணி.

இப்படிக்கு
உன் அப்பா
அங்கப்பன்