வார்டு மீனைத் துடைக்க வேண்டாம்

அனுப்புநர்:
குழந்தைகள் வார்டு, ஜன்னலோரக் கட்டில் நோயாளியின் அண்ணன்
(வார்டில் வழங்கும் பெயர்: வாலு)

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: வெள்ளிக்கிழமைச் சுத்தத்திலிருந்து மீனுக்கு விலக்குக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தங்கள் அறைக் கதவில் 'சாப்பிடப் போயிருக்கிறார்' என்ற அட்டை தொங்கியது பற்றி விசாரணை நடப்பதாக அறிகிறேன். அது வேறு கோப்பு. இம்மனுவில் விளையாட்டு இல்லை.

1. என் தங்கைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. எனவே வார்டில் கட்டில் கம்பி, கதவுப்பிடி, என் செல்போன், அசந்தால் என் முகம் எல்லாமே துடைக்கப்படுகின்றன. நல்லதுதான். அதே அக்கறையில் துப்புரவு அக்கா வெள்ளிதோறும் வார்டு மூலையிலுள்ள கண்ணாடித் தொட்டி மீன்களையும் பிடித்து, கிருமிநாசினிப் பஞ்சால் துடைத்துவிடுகிறார். "வழவழன்னு எவ்ளோ அழுக்கு பாரு தம்பி, பாவம்!"

2. அது அழுக்கல்ல அம்மா. மீனின் தோலிலும் செவுளிலும் ஊறும் அந்த வழவழப்பில்தான் கிருமிகளைக் கொல்லும் பொருள்கள் உள்ளன என்கிறார் எங்கள் விலங்கியல் ஆசிரியை. நாம் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பாலிஷ் போடுகிறோம். செவுளில் மருந்து பட்டால் மூச்சுக்கும் ஆபத்து. துடைத்த மீன்கள் மேல் பஞ்சு போல் வெள்ளை படர்ந்து, ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. மிஞ்சியிருப்பது 'மேனேஜர்' மட்டும். வேலையின்றிச் சுற்றிச்சுற்றி வருவதால் தங்கை வைத்த பெயர்.

3. இதை அக்காவிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். ஆனாலும், "மேலேருந்து ஆர்டர் வராம நான் எப்படிப்பா விடுறது?" என்கிறார். அவர்மீது நடவடிக்கை ஏதும் வேண்டாம்.

4. செத்த மீன்கள் எங்கே என்று தங்கை கேட்டபோது, "வேற வார்டுக்கு மாத்திட்டோம்டா செல்லம்" என்று செவிலியர் சமாளித்தார். ஆனால் தொட்டியில் செத்து மிதந்த ஒன்றைத் தங்கை பார்த்துவிட்டாள். நேற்று பக்கத்துக் கட்டில் குண்டுப் பையனை, குணமாகிவருவதால், உண்மையிலேயே வேறு வார்டுக்கு மாற்றினீர்கள். அதிலிருந்து அவள் தூங்கவில்லை. "டேய் அண்ணா, அடுத்து என்னையும் மாத்திடுவாங்களா?" என்கிறாள். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. என் பேச்சை யார்தான் நம்புகிறார்கள்?

நாளை வெள்ளி. தொட்டி நீரில் கொஞ்சம் மாற்றினால் போதும், மீனைத் தொட வேண்டாம் என்று இன்றே எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறேன்.

கூடவே, குண்டுப் பையனை எங்கள் வார்டுக் கண்ணாடிக்கு வெளியே ஒரு நிமிடம் நிறுத்தி, கையசைக்கச் சொல்லுங்கள் அம்மா. அவள் பார்த்தால் போதும்.

நாள்: வியாழன்
இடம்: வார்டு வராந்தா

தங்கள் கையெழுத்துக்காக வாசலில் நிற்கும்,
வாலு