ஐந்தாவது தடி

அரியூர் நாடு, கொல்லிமலை
4-12-1946

அன்பு மகள் கண்ணாயிக்கு அப்பா எழுதுவது.

எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், பொறுத்துக்கொள். இந்த வயதில் செம்மேட்டு வாத்தியாரிடம் கற்றது. இவ்வளவு எழுதவே காலை போய்விட்டது. ஆனாலும் உன் பெயரை என் கையால் எழுதியதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உன் அம்மா படுத்துவிட்டாள். கஞ்சி இறங்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறாள். கீழ்நாட்டில் வாழ்க்கைப்பட்ட பெண் மலையேறக்கூடாது என்பது நம் ஊர்க்கட்டு. அதை மாற்ற ஐந்து ஊர்க்கவுண்டர்களும் சம்மதமாகத் தடியைக் கீழே வைக்க வேண்டும். ஒருவர் வைக்காவிட்டாலும் மாறாது. நானும் ஒரு கவுண்டன்தானே, கூட்டுகிறேன்.

குழந்தைசாமி

ராசிபுரம்
12-12-1946

அப்பாவுக்குக் கண்ணாயி வணக்கம்.

டெல்லியில் சபை கூடித் தேசத்துக்கே சட்டம் எழுதப் போகிறார்களாம். பேப்பர் படித்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை சொன்னார்: "எழுதறப்பவே எப்படித் திருத்தறதுன்னும் எழுதி வெச்சிரோணும். ஒருத்தர் விடாம ஒத்துக்கோணும்னா எந்தக் காலத்துலயும் திருந்தாது."

மூன்று தடி போதும் என்றிருந்தால் இந்நேரம் அம்மா பக்கத்தில் இருப்பேன். சீக்கிரம், அப்பா.

கண்ணாயி

அரியூர் நாடு
20-12-1946

கண்ணு,

திங்களன்று கூடினோம். நாலு தடி வைத்தாயிற்று. அர்த்தனாரிக் கவுண்டர் தன் தடியை வைக்கக் குனிந்தார். மாப்பிள்ளை சொன்னதை மனதில் வைத்து, மாறிய ஊர்க்கட்டை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பெருமையாக வாசித்து, "எல்லாரும் ரேகை வெச்சிருங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்துவிட்டார்.

"ஏனுங்க, வாய்ச்சொல்லுக்கு எதுக்குங்க தாளு?"

"நெலைக்கட்டும்னுதானுங்க."

"எங்கப்பன் இப்படித்தான் ஒரு தாளுல ரேகை வெச்சாரு. மொளகுக்காடு கீழ்நாட்டானுக்குப் போச்சு. நீங்க எழுத்துப் படிச்சது அவனுக்குத் தாளு எழுதத்தானுங்களா?"

தாளைக் கிழித்துப் போட்டுக் கெஞ்சினேன். வைக்க மறுத்த தடியை அன்றே திரும்ப வைக்கும் வழக்கம் இல்லை.

புதனன்று உன் அம்மா போய்விட்டாள். குழிமேட்டில் யாரும் கேட்காமலே அர்த்தனாரி தடியைக் கீழே வைத்தார். மற்ற நாங்கள் நால்வரும் வைத்தோம். கட்டு மாறிவிட்டது. நீ வரலாம்.

அப்பா

அரியூர் நாடு
30-12-1946

கண்ணு,

கருமாதிக்கும் நீ வரவில்லை. மிளகு விற்கப் போனவர்கள் ராசிபுரம் சந்தையில் உன்னைப் பார்த்தார்களாம். வழி திறந்ததைச் சொன்னதற்கு, "இனி அங்க யாரைப் பாக்கறதுக்குங்க?" என்றாயாம்.

கேட்டது நியாயம்தான். நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ பதில் போடாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன்.

அப்பா