தோல் சுற்றிய ஒயர்

தோஸ்த்,

காலையிலிருந்து என் கையில் பெட்ரோல் வாடை, சோப்புப் போட்டும் போகவில்லை. ஜமால் பாயின் லோடு ஆட்டோ வந்திருக்கிறது. தோல் மண்டிகளுக்கு உப்பு ஏற்றுமே, அதேதான். நீ செத்து ஒரு வருஷமாகிவிட்டதால் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார். கரும்புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி. மூன்று வருஷத்துக்கு முன்பு என் பெயரைக் கெடுத்த அதே கோளாறு.

நாம் சேர்ந்து கடை போட்ட புதிதில் கம்ப்யூட்டர் வைத்த கார்பரேட்டர் என்றாலே பயம். வழி கண்டுபிடித்தவன் நீதான். புகைக்குழாயில் இருக்கும் சென்சார் பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி கார்பரேட்டரின் சின்ன வால்வைத் திறந்து மூடும். "இன்ஜின ஓட விட்டு, மொதல்ல சென்சார் ஒயரு சேர்ற கப்ளர கழட்டு. சத்தம் மாறலன்னா ஒயர்லதான் வெனை. அப்புறம்தான் கார்பரேட்டர்ல கை வெக்கணும்" என்பாய்.

இந்த ஆட்டோ புகையோடு வந்த அன்று நான் கப்ளரைக் கழற்றப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"அத நான் பாத்துட்டேன். நீ கார்பரேட்டரப் பாரு."

நம்பினேன். மூன்று முறை கழற்றி மாட்டினேன், புகை குறையவில்லை. ஜமால் பாய் கத்தியபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "இவன் ஸ்க்ரூவ கண்டபடி திருப்பிட்டான் பாய். நான் பண்ணித் தர்றேன்." பெட்ரோலைக் குறைவாக விடும் சின்ன ஜெட் ஒன்றை மாட்டிப் புகையை அடக்கினாய். அதிலிருந்து கார்பரேட்டர் எல்லாம் உனக்கு. பஞ்சரும் ஆயிலும் எனக்கு. என் கை சரியில்லை என்று ஆம்பூரே பேசியது. ஊரை விடு, நானே அதை நம்பினேன்.

போன மாதம் வேலூரில் யாரோ சரியான அளவு ஜெட்டை மாட்ட, புகை திரும்பிவிட்டது. இன்று கப்ளரைக் கழற்றினேன். சத்தம் மாறவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் சீட்டுக்கு அடியில் ஒரு தோல் சுற்று. ஷூ கம்பெனியில் தையலில் இருந்தவன் நீ. டேப் சுற்ற மாட்டாய். லைனிங் தோலைச் சுற்றி ஷூ நூலால் தைப்பாய், கடைசித் தையலில் இரண்டு தரம் முடிச்சுப் போடுவாய். பிரித்துப் பார்த்தேன். சென்சார் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்திருந்தாய். மீட்டரில் எரிந்த எச்சரிக்கை விளக்கை அணைக்க நீ முன்பே செய்த குறுக்குவழி. அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பெட்ரோல் கம்மி, கம்மி என்றே சேதி போயிருக்கிறது. அதுவும் என்னைப் போலவே நம்பி ஊற்றியிருக்கிறது.

ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டுப் பிரித்துப் போட்டிருப்பேன். உன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவன் நான். சண்டை போடக்கூட நீ இல்லை.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஒயரைச் சேர்த்தேன். புகை நின்றது. "இன்னாப்பா இருந்துச்சு?" என்றார் ஜமால் பாய். இறந்தவனைச் சொல்வதா என்று கொஞ்சம் தயங்கினேன். பிறகு அந்தத் தோலை அவர் கையில் வைத்தேன். அவர் செருப்பையே நீதான் தைத்துக் கொடுத்திருக்கிறாய், அந்த முடிச்சு அவருக்குத் தெரியும்.

"உன்னயவா அன்னிக்கு அப்டி பேசினேன்" என்றார்.

நாளை முதல் கார்பரேட்டர் வேலை எடுக்கிறேன். நீ சொன்ன அதே வழிதான், முதலில் கப்ளர். ஆனால் அதில் கை வைத்ததும் மணிக்கட்டில் உன் பிடி தெரிகிறது. உதறிவிட்டுத்தான் கழற்ற வேண்டியிருக்கிறது.