பேர் இருக்கு, தேதி இருக்கு

ஜூன் 12, வியாழன்
எங்கள் தோல் ஃபேக்டரியில் பக்ரீத் தோல் வந்து குவிந்து கிடக்கிறது. தோலைச் சோதிக்கும் லேபில் கௌசருக்கு மூச்சுவிட நேரமில்லை. சோதனை முடிவை ஏற்றி சேவ் கொடுத்தால் ஸ்கிரீன் அப்படியே நிற்கிறதாம். “இன்னா பண்ணுவீங்களோ ஆபித் பாய், சீக்கிரம் ஆவணும்” என்றாள். சர்வரில் சிங்க் என்கிற செட்டிங்கை அணைத்துவிட்டேன். இனி டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்காது, மெமரியில் விழுந்ததுமே ‘சேவ் ஆச்சு’ என்று சொல்லிவிடும். பறக்கிறது! கௌசர் டீ வாங்கிக் கொடுத்தாள்.

யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு மாதம். மாற்ற வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்
ஏழு லாட் முடிவையும் அவள் மொத்தமாக சேவ் கொடுத்த கையோடு கரண்ட் போனது. சர்வர் படுத்துவிட்டது. எழுப்பிப் பார்த்தால் ஃபைல் பேர் இருக்கிறது, தேதி, மணி எல்லாம் சரி. உள்ளே காலி. பேரும் தேதியும் டிஸ்குக்குப் போய்விட்டன, எண்கள் மெமரியோடு போய்விட்டன. ‘சேவ் ஆச்சு’ என்று பார்த்ததும் வழக்கம்போல் எண்களைக் குறித்து வைத்திருந்த சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறாள். தோலும் சாய டிரம்முக்குள் போயாச்சு, திரும்பச் சோதிக்க முடியாது.

மேனேஜர் ரஷீத் சாப் என்னிடம்தான் கேட்டார். “சோதிக்காமலே காலி ஃபைல் போட்டிருக்காளா?”
“பார்க்கிறேன் சாப்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூன் 18
கௌசரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி
ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வந்தால் அவள் அண்ணன் ஒவைஸ். கம்ப்யூட்டர்லேர்ந்து ஏதாவது எடுக்க முடியுமா பாய், அவ சாப்பிடவே மாட்டேங்கிறா என்றான். பார்க்கிறேன்னேன்.

திரும்பவும் பார்க்கிறேன்னேன்! சீ. இன்னா மனுஷன்டா நீ? பார்க்க இன்னா இருக்கு? சிங்க்கை அணைச்சது நீ. வேகமாச்சுன்னு டீ வாங்கிக் குடிச்சது நீ. இப்ப வாய் எங்க போச்சு?

ஜூன் 21, சனி
சொல்லிவிட்டேன். சாப் ரூமில், நின்றுகொண்டே. சிங்க்கை அணைத்தது நான், பேட்டரி மாற்றாதது நான், அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்றினாள் என்று. “நாலு நாளாச்சே ஆபித்” என்றார் அவர். திட்டியிருக்கலாம்.

ஜூன் 23
சிங்க் போட்டாச்சு. புது பேட்டரி. மெதுவாகத்தான் ஓடுகிறது, ஓடட்டும்.

ஜூலை 2, புதன்
கௌசர் வேலைக்கு வந்துவிட்டாள். லேபுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். விடுங்க பாய் என்றாள், முகத்தைப் பார்க்காமல். சேவ் கொடுத்தாள். ஸ்கிரீன் நின்றது, பிறகு ‘சேவ் ஆச்சு’ வந்தது. டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதே எண்களைப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள்.

“இனிமே அழியாதும்மா” என்றேன்.
“சரிங்க பாய்” என்றாள். எழுதுவதை நிறுத்தவில்லை.