உன் அம்மா முகம் திருப்பிய நாள்

லாங் ஐலண்ட், கிழக்குக் கரை
22 செப்டம்பர் 1974

அன்பு மகள் லெனோருக்கு, அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. பெர்த்தில் நீயும் டெரன்ஸும் குட்டி டெஸ்ஸாவும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு அங்கே வசந்தம் தொடங்கியிருக்கும், இங்கே மேப்பிள் இலை சிவக்கிறது. உருளைக்கிழங்கு தோண்டி முடித்துவிட்டார்கள், காற்றடித்தால் வயல் மண் ஜன்னல் வரைக்கும் வந்து படிகிறது. பக்கத்து வீட்டு லட்லோ படகுக்குப் புது இன்ஜின் வாங்கி அதன் சத்தத்தில் ஊரையே எழுப்பிக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் வாரத்தில் மூன்று நாள் விரிகுடாவில் இறங்கிச் சிப்பி வாருகிறேன், வேண்டாம் என்று நீ எழுதுவாய், எழுதாதே.

அம்மாவின் ஓவியங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து நியூயார்க்கில் ஒரு மியூசியம் பெரிய கண்காட்சி வைக்கப்போகிறது, அது உனக்குத் தெரியும். அதற்காக மிஸ் ஆர்டித் என்று ஒரு பெண் கோடை முழுக்க இங்கே வந்து போய்க்கொண்டிருந்தாள். நல்ல பெண், அம்மா வேலை செய்த கொட்டகைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டாள், தரையில் அம்மா சிந்திய வண்ணத்தை மிதிக்க மனம் வரவில்லையாம். இப்போதெல்லாம் படிக்கிற பிள்ளைகள்கூட ரயிலேறி வந்து அந்தத் தரையைக் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உன் அம்மா இருந்திருந்தால், "படம் சுவத்துல இருக்கு, இதுங்க தரையப் பாக்குதுங்க பாரு" என்று சிரித்திருப்பாள்.

அம்மாவைப் பற்றி ஆர்டித் என்னிடம் நிறையக் கேட்டாள். மினசோட்டாவில் பால் பண்ணைக்காரர் மகளாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் ஒரே பெட்டியோடு நியூயார்க் போனது, வெந்நீர் வராத மாடியில் பாதி சோறும் முழு வண்ணமுமாக வாழ்ந்தது, அந்த நாளில் ஆண் ஓவியர்கள் மதுக்கடை மேஜையைத் தட்டித் தட்டி விவாதம் செய்தபோது இவளும் சமமாகத் தட்டியது எல்லாம் சொன்னேன். அவர்களில் ஒருவன் இவள் படத்தைப் பார்த்து, "பொம்பளை போட்டதுன்னே சொல்ல முடியாது, அவ்வளவு நல்லா இருக்கு" என்றானாம். இவள் அவன் படத்தைக் காட்டி, "இதையும் ஆம்பளை போட்டதுன்னு சொல்ல முடியாது, யாரோ கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றாளாம். பிறகு வாடகை குறைவு என்று இந்தக் கரைக்கு வந்து அந்தப் பழைய கொட்டகையை எடுத்தாள். ஒழுகிய கூரையைச் சரிசெய்யப் போனவன் நான். தரை முழுக்க விரிந்து கிடந்த துணியைப் பார்த்து இது என்ன என்று கேட்டேன். "விரிகுடாவைப் பாத்து இது என்னன்னு கேப்பியா?" என்றாள். கேட்கமாட்டேன் என்றேன். "அப்ப ஏணியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா பாரு" என்றாள். அதற்குப் பின் இருபத்தாறு வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் மகளே. கண்காட்சிப் புத்தகத்துக்கு எழுதிய கட்டுரையை ஆர்டித் போன வாரம் எனக்கு வாசித்துக் காட்டினாள். அழகாகத்தான் எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு வரி வந்தது. கடைசி ஆறேழு வருஷம் உன் அம்மா ஹெட்டா உலகத்திடமிருந்தும் தன் சொந்தக் குடும்பத்திடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்ணத்துக்குள் போய்விட்டாள் என்று. அதைக் கேட்டதும் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நிறுத்து என்றேன். "ஏன், தப்பா இருக்கா?" என்றாள். தப்பு, ஆனால் ஏன் தப்பு என்று என் மகளுக்குச் சொல்லாமல் உனக்குச் சொல்லமாட்டேன் என்றேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, "உங்க மக பதில் வர்ற வரைக்கும் அச்சுக்கு அனுப்பல" என்றாள்.

உன் அம்மாவுக்குக் கண் போய்விட்டது லெனோர். முழுதாக இல்லை. அறுபத்தாறாம் வருஷமே தொடங்கிவிட்டது. எதைப் பார்த்தாலும் நடுவில் பழுப்புப் புகை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். பாஸ்டன் டாக்டர் வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "சொன்னா அப்புறம் எல்லாரும் என் படத்தைப் பாக்கமாட்டாங்க, என் கண்ணைத்தான் பாப்பாங்க. ஐயோ பாவம் ஓவியம்னு பேரு வெச்சுடுவாங்க" என்றாள். உன்னிடம் மட்டுமாவது சொல்லலாம் என்று கெஞ்சினேன். "வேணாம் ஹார்லன், அவ வாழ்க்கையை விட்டுட்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவா" என்றாள்.

அதற்குப் பின் கொட்டகையில் நாங்கள் இருவர். வண்ண டப்பா மூடிகளில் நான் அரத்தால் வெட்டு போட்டுக் கொடுத்தேன், வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு. துணியின் ஓரம் அவள் வெறுங்காலுக்குத் தெரிய வேண்டும் என்று சுற்றிலும் கயிறு போட்டேன். காலையில் நான் சிப்பி வாரிவிட்டு வந்ததும், "இன்னிக்குத் தண்ணி என்ன பண்ணுது?" என்பாள். நீலமாக இருக்கிறது என்றால் கோபம் வரும். "நீலம்னா எந்த நீலம்? நண்டுக்கு இருக்கிற அறிவுகூட உனக்கு இல்லையா?" என்பாள். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன வேலைச் சட்டையின் நீலம், தோள்பட்டையில் மட்டும் இன்னும் கறுப்பு என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அவள் கண்ணை மூடி அதை எங்கேயோ வாங்கிக்கொள்வாள். பிறகு நீளக் கைப்பிடி போட்ட துடைப்பத்தை வண்ணத்தில் தோய்த்து மெதுவாக நடப்பாள், தண்ணீருக்குள் நடக்கிறவள் மாதிரி. வெளிச்சம் பலகை இடுக்கு வழியாக விழுந்து அவள் மேல் ஏறி இறங்கிப் போகும். எத்தனையோ நாள் அங்கே நேரம் இருப்பதையே மறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதாம் வருஷம் ஜூன் மாதம் நீ ஆறு மாதக் குழந்தையோடு வந்தாய். குழந்தையை அம்மா முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உன் படத்துல பாதி பாசமாவது என் குழந்தைக்கு வெச்சிருக்கக் கூடாதா?" என்று நீ கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. மறுநாளே டாக்சி கூப்பிட்டாய். அதற்குப் பின் நீ வரவில்லை, போன வருஷம் மார்ச்சில் அவளைப் புதைத்தபோதும் வரவில்லை, உன்னை நான் குறை சொல்லவில்லை. மகளே, நேராகப் பார்த்தால் அவளுக்குப் புகைதான். ஓரக் கண்ணுக்கு மட்டும்தான் எதுவும் தெரியும். டெஸ்ஸாவைப் பார்க்கத்தான் அவள் முகத்தைத் திருப்பினாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. செய்துகொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினேன், உங்கள் இருவரையும் காப்பாற்றவில்லை.

நீ போன மூன்றாம் நாள் அம்மா, "நீ தூக்கினியே, எப்படி இருந்தா சொல்லு" என்றாள். ஈர மணல் நிறத்தில் முடி என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பியபோது காது வழியாக வெயில் சிவப்பாகத் தெரிந்தது என்றேன். உள்ளங்கையை மூடினால் மொச்சை அளவு, திறந்தால் என் மூக்கைத் தேடியது என்றேன். அழுதுகொண்டே பதினோரு நாள் வேலை செய்தாள். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இருக்காளா?" என்று கேட்டாள். ஆறடிக்கு ஏழடித் துணி, மஞ்சளும் சிவப்பும், ஓரத்தில் கொஞ்சம் மணல், முகமும் இல்லை கையும் இல்லை. அத்தனை வருஷம் அவள் படம் எதுவுமே எனக்குப் புரிந்ததில்லை. "இருக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை லெனோர்.

அந்தப் படத்தை மியூசியத்துக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, பெட்டியில் வைத்து நேற்றுக் கப்பலுக்கு அனுப்பியாயிற்று. புதுச் சட்டத்துக்கான கட்டைகளை நானே இழைத்து எண் போட்டு உடன் வைத்திருக்கிறேன், டெரன்ஸால் பூட்ட முடியும். வெயில் உறைக்காத சுவராகப் பார்த்து மாட்டு. எந்தப் பக்கம் மேலே என்று குழம்பாதே, நானும் அன்று அதைத்தான் கேட்டேன், "குழந்தையை எந்தப் பக்கமாத் தூக்கினாலும் குழந்தைதான்" என்றாள்.

கண் விஷயத்தை ஆர்டித்துக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே தீர்மானம் செய். சொல் என்றால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்கிறேன். இரண்டு வார்த்தை தந்தி போதும். என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, நியாயமானதுதான். நீயும் உன் வீடும் குறைவில்லாமல் வாழ வேண்டும், டெஸ்ஸா நல்ல கண்ணோடு நூறு வருஷம் பார்க்க வேண்டும். உன் அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்தே வருகிறது. டெஸ்ஸா தலை வலிக்கிறது என்று சொன்னால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டு, நீயும் காட்டிக்கொள்.

என்றும் உன் அப்பா,
ஹார்லன் டட்ஹில்