கழுத்துக்குக் கீழே

நான் கதிர்காமு சிவகுரு, புகையிரத இலாகாவில் கணக்கெழுதும் இலிகிதன், நம் வாசிகசாலையின் செயலாளன். ஞாயிறன்று நினைவுப் படத்திறப்பு என்று உன் பெயரால் நடக்கவிருக்கும் அவமதிப்பை உனக்கு அறிவிக்கவே இதை எழுதுகிறேன். எதிரே சுவரில் சாத்திவைத்திருக்கும் உன் படத்திலிருந்து புது வார்னிஷ் நெடி மூக்கைத் துளைக்கிறது.

உன் படம் என்றேன், தவறு. முகம் மட்டுமே உன்னுடையது. கோலாலம்பூர்ப் படப்பிடிப்பாளர் அதைப் பழைய குழுப்படம் ஒன்றிலிருந்து வெட்டி, கோட்டணிந்த எவனோ ஒருவனின் உடலில் ஒட்டித் தந்திருக்கிறார். அம்மைத் தழும்புகளை மெழுகியாயிற்று. நிறத்தை வெளுத்தாயிற்று. சிறுவயதிலேயே சூம்பிப்போன உன் இடக்கை இருக்கவேண்டிய இடத்தில், தடித்த கையொன்று புத்தகம் பிடித்திருக்கிறது. உன் இடக்கையால் நீ புத்தகம் பிடித்ததே இல்லை. வரையும்போது தாளை அமுக்கிக்கொள்ளவே அது உதவிற்று.

பிரிக்பீல்ட்ஸில் உன் குவாட்டர்ஸில் ஞாயிறுதோறும் எங்களைச் சட்டையில்லாமல் உட்காரவைத்து வரைவாய். வந்தவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டு வரையச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நான் கெஞ்சவில்லை, மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்கிக்கொண்டேன். நீ கரித்துண்டைக் கீழே வைத்தாய்.

“மூச்சை விடு மச்சான், செத்துப்போவாய். நீ திண்டு வளத்த வயிறுதானே, ஏன் ஒளிக்கிறாய்?”

பிறகு அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று உன்னையே வரைந்தாய்: தழும்பு, கறுப்பு, சூம்பிய கை, ஒன்றையும் விடாமல்.

நேற்று உன் மனைவிக்கு இந்தப் படத்தைக் காட்டினோம். திறப்புக்குத் துரைமாரும் வருவார்கள், அவர்கள் பார்த்துச் சிரிக்கலாகாது என்று வாசிகசாலைத் தலைவர் விளக்கிக்கொண்டிருந்தார். உன் மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. அந்தத் தடித்த கையின்மேல் விரலை வைத்தார்.

“உது ஆற்ற கை?”

யாருடைய கை என்று துக்கத்தில் ஏதோ கேட்கிறார் எனத் தலைவர் பேச்சை முடித்துவைத்தார். துக்கமா? அவர் வாழ்நாளெல்லாம் பற்றியிருந்த கையை இந்தக் கனவான்கள் வெட்டியெறிந்திருக்கிறார்கள். தங்கள் உடம்பைக் கண்டு தாங்களே கூசுகிறவர்கள், செத்தவன் உடம்பையும் திருத்தப் புறப்பட்டிருக்கிறார்கள்.

உறுப்பினர் அல்லாதவரின் படம் வாசிகசாலைச் சுவரில் தொங்கலாகாது. நீயும் நானும் சேர்ந்து எழுதிய விதி அது. கழுத்துக்குக் கீழே இருப்பவன் உறுப்பினன் அல்லன்.

நீ வரைந்த உன்னை உன் மனைவி இன்று காலை என்னிடம் தந்துவிட்டார். ஆணியை நானே அடிப்பேன். ஞாயிறன்று திரை விலகும்போது அங்கே நீ இருப்பாய். எவராவது சிரித்தால், மூச்சை விட்டு, இந்த வயிற்றோடு அவர் எதிரே போய் நிற்பேன்.