கோழிக்குப் போன சத்து

டீச்சரம்மா,

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மேரி இன்று காலை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ரேஷன் அரிசியில் மங்கலாகத் தெரிந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மாலை வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டேன். என் கையெழுத்தைப் பாருங்கள்! முதல் வரி முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

நீலசந்திரா அங்கன்வாடியில் என் பேத்தியை மாதாமாதம் எடை பார்ப்பீர்கள். முள் நகராது. கண்ணிமையை இழுத்துப் பார்ப்பீர்கள், வெளுத்திருக்கும். ஒருநாள் சொல்லாமல் வீட்டுக்கு வந்தீர்கள். என் மருமகள் பொறுக்கிப் போட்ட மணிகளைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது.

"அது பிளாஸ்டிக் அரிசி டீச்சர்," என்றாள்.

"அய்ய! அரிசிமாவுல இரும்புச்சத்து கலந்து மிஷின்ல மணியாக்குனதும்மா அது. இப்ப கோழிக்கு ரத்தம் ஊறுது, கொழந்தைக்கு ஊறல. கோழியத்தான் இஸ்கூலுக்கு அனுப்பப் போறியா?"

பொறுக்காத அரிசியை ஆக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து முதல் வாய் நீங்களே சாப்பிட்டீர்கள். "நாளைக்கும் வரேன் அண்ணா. நான் உசுரோட இருந்தா புள்ளைக்கு ஊட்டுங்க," என்றீர்கள். மறுநாள் வாசலில் நின்று, "எங்க என் சோறு?" என்று சிரித்தீர்கள். முட்டை, மாத்திரை, இந்தச் சோறு எல்லாம் சேர்ந்து முள் மெல்லத்தான் நகர்ந்தது. இன்று பேத்தி ஓடினால் பிடிக்க என் முழங்காலால் முடியாது.

காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். நீங்கள் படியேறிய வீடுகளில் பாதிக்குமேல் இப்போது புது ஆட்கள். எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருக்கிறது, டீச்சரம்மா.

மேரியிடமும் சொல்லிப் பார்த்தேன். "வாட்ஸப்புல வீடியோ வந்துச்சு தாத்தா. சோத்த உருட்டிப் போட்டா பந்து மாதிரி எம்புதாம்," என்றாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் கை, முருங்கைக்காய் போல. வீட்டுக்குப் போய் என் தட்டை எடுத்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"பொறுக்காம ஆக்கிப் போடும்மா. நான் சாப்பிடறேன்."

அவள் சந்தேகமாகவே ஆக்கிப் போட்டாள். முழுத் தட்டையும் சாப்பிட்டேன். பல் இல்லாததால் நேரமாயிற்று. அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வா தாத்தா. நல்லா இருந்தியானா கொழந்தைக்குப் போடறேன்."

நாளைக்குப் போக வேண்டும், டீச்சரம்மா. அதுவரை நான் நன்றாக இருக்க வேண்டும்.